இடது கன்னத்துக்கு வயது குறைவு

அவருடைய முகத்தில் இரண்டு பேர் குடியிருந்தார்கள். இடது பக்கத்தில் இருந்தவருக்கு ஐம்பது வயது சொல்லலாம். வலது பக்கத்தில் இருந்தவர் அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தார். சும்மா பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது. அவரே ஒரு முறை சொல்லிவிட்டால் அதற்கப்புறம் வேறு எதுவும் கண்ணில் படாது.

"சண்டை போடோணும்னா வலது பக்கமா வந்து நில்லுங்க," என்பார். "அதுக்குத்தான் வயசாச்சு, பொறுத்துக்கும். இடது பக்கம் சின்னப் புள்ளைங்க, அழுதுபோடும்."

வடவள்ளியில் எங்கள் அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில், எங்களுக்கு எதிர் வீடு அவருடையது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் அக்காதான். பொள்ளாச்சி ரோட்டில் ஒரு சின்ன கம்பெனியில், முகத்துக்குப் போடுகிற க்ரீம்களைக் கலக்கிப் பார்க்கிற வேலை. வயதான தோலுக்குள் மூலிகைச் சாறு இறங்க வேண்டும். அதற்கு வழி செய்வதுதான் அவர் பிழைப்பு. புதிதாகக் கலக்கிய எதையும் முதலில் தன் முகத்தில்தான் போடுவார். அதுவும் இடது கன்னத்தில் மட்டும். வலது கன்னத்துக்கு வெறும் தண்ணீர். பல வருடங்களாக அப்படி.

"ரெண்டு பக்கமும் போட்டுக்கலாமில்லீங்க்கா?" என்று, குடிவந்த புதிதில் கேட்டேன்.

"போட்டுட்டா, போடாம உட்டிருந்தா எப்படி இருந்திருக்கும்னு யார்கிட்டப் போய்க் கேக்கறதுங்க?"

உலகத்தில் எதைப் பார்த்தாலும் அவருக்கு இந்தக் கேள்விதான் வரும். பால்கனியில் ஒரே மாதிரி இரண்டு செம்பருத்திச் செடி வைத்திருந்தார். ஒன்றுக்கு அரிசி கழுவிய தண்ணீர், இன்னொன்றுக்குக் குழாய்த் தண்ணீர். முழங்கால் வலி வந்தபோது ஒரு காலுக்கு மட்டும் தைலம் தேய்த்துக்கொண்டு, மற்றதை வலிக்கவே விட்டார். மருதமலைக்கு ஒரு கிருத்திகைக்குப் படியேறிப் போவார், அடுத்த கிருத்திகைக்கு மினி பஸ்ஸில் போவார். முருகன் எதற்குச் சீக்கிரம் செவிசாய்க்கிறார் என்று பார்க்கிறாராம். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கீழ்வீட்டு மில்காரம்மா ஒரு நாள் கேட்டே விட்டார்.

"பவானீல எங்கக்கா பண்ணிக்கிட்டா. நான் பண்ணிக்கல. ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்க, ஒரே சாப்பாடு. இப்பத்தானுங்க தெளிவாத் தெரியுது," என்றார்.

"என்ன தெரியுதுங்க?"

"அவ ஊட்டுக்காரரு என்னைப் பார்த்து, 'நீ நல்லா இருக்கியேம்மா'ங்கறாரு. அவளைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்றதில்லீங்க."

இதையெல்லாம் சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். ஆனால் இடது கன்னம் என்று எழுதுகிற ஒவ்வொரு தடவையும் அவர் கன்னத்துக்கு முன்னால் என் மகளின் கன்னம் வந்து நின்றுவிடுகிறது. நான் இயல்பிலேயே பயந்தவள். மகள் குளியலறையில் கொஞ்சம் கூடுதலாக நின்றால் கதவைத் தட்டுகிறவள். அந்தப் பயம் எல்லாம் சும்மா என்று இருந்த வீட்டில், ஒரு தடவை அது உண்மையாகிவிட்டது. அதற்கு வருகிறேன்.

அவருடைய வேலையை எனக்குப் புரியவைத்தது கல்யாணத் தரகர்தான். அதாவது, அக்கா அதை ஒரு கல்யாணத் தரகர் கதையாகத்தான் சொன்னார்.

"எண்ணெயும் தண்ணியும் சம்பந்தம் பண்ணிக்காதுங்க. மூலிகைச் சத்து எண்ணெயில இருக்குது. தோலுக்குள்ள போறதுக்குத் தண்ணி வேணும். நடுவுல ஒரு தரகரைப் போடோணும். சோப்பு சாதிப் பொருள் அது. ஒரு கையில எண்ணெயைப் புடிச்சுக்கும், ஒரு கையில தண்ணியைப் புடிச்சுக்கும். அப்புறம் ஒரு இரும்புக் கம்பியை உள்ள உட்டு, கீச்சுனு கத்தற மாதிரி அதிர வெச்சா, எண்ணெய் பொடிப்பொடித் துளியா ஒடையும். கண்ணுல தெரியாத துளி. 'நானோ'ன்னு சொல்லுவாங்க. துளி சின்னதாக ஆக, தோலுக்குள்ள நல்லா நுழையும்."

"தரகரு நெறைய இருந்தா இன்னும் நல்லதுங்களா?"

"துளி சின்னதாகும். ஆனா தரகரு கூட்டமா ஊட்டுக்குள்ள நுழைஞ்சா என்னாகும்? பொண்ணு ஊடும் எரியும், மாப்பிள்ளை ஊடும் எரியும்."

துளி எவ்வளவு சின்னது என்று கண்டுபிடிக்கக் கம்பெனியில் பெரிய மெஷின் இருந்தது. ஆனால் அவர் முதலில் பாட்டிலை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துத்தான் பார்ப்பார். பால் போல வெள்ளையாக இருந்தால் துளி பெரிது. தெளிந்து, லேசாக நீலம் அடித்தால் சிறியது. இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஒரு வெயில் நாளில் நான் கொடுத்த மோரை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"நீலம் அடிக்குதுங்க. எத்தனை சொம்பு தண்ணி ஊத்துனீங்க, அம்மணி?"

உண்மையை இவ்வளவு மரியாதையாகச் சொல்லி ஆளைக் கொல்கிறவரை நான் பார்த்ததில்லை. "உங்க சாம்பாருல உப்பு ஒண்ணுதானுங்க நல்லா இருக்குது," என்பார். எங்கள் அசோசியேஷன் செயலாளர் ஆண்டு விழாவில் பாடி முடித்ததும் போய்க் கை கூப்பி, "ரொம்பக் கஷ்டப்பட்டுப் பாடுனீங்க, நாங்களும் ரொம்பக் கஷ்டப்பட்டுக் கேட்டோமுங்க," என்றார். கடைசியில் ஒரு 'ங்க' இருந்ததால் செயலாளருக்கு அது திட்டா, பாராட்டா என்று அடுத்த நாள்வரை விளங்கவில்லை.

மற்றவர்கள் எல்லோரும் நேர் எதிர். எங்கள் ஊரில் ஒருவர் மனம் நோகும்படி ஒரு வார்த்தை வாயில் வராது. வெந்தும் வேகாத சோற்றைப் போட்டாலும் "வயிறு நெறைஞ்சுதுங்க" என்றுதான் சொல்லுவோம். அக்காவின் தொழிலுக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் எதுவும் இல்லை.

கம்பெனி முறைப்படி ஆட்களை வைத்துச் சோதிப்பதற்கு முன்னால், தெரிந்தவர்களிடம் கொடுத்துப் பார்ப்பது அவர் வழக்கம். எங்கள் அடுக்ககத்தில் நாற்பது தாண்டிய பெண்கள் ஆறு பேர். ஆளுக்கு இரண்டு டப்பா வரும். சிவப்பு மூடி இடது கன்னத்துக்கு, வெள்ளை மூடி வலது கன்னத்துக்கு. ஒன்றில் ஆவாரம்பூச் சாறும் வால்பாறைத் தேயிலைச் சாறும் இருக்கும், மற்றதில் வெறும் அடிக் கலவை. எதில் எது என்று சொல்லமாட்டார். மாதக் கடைசியில் வீடு வீடாக வருவார்.

"எப்படி இருக்குதுங்க?"

"நல்லாருக்குங்க அக்கா."

"எந்தப் பக்கமுங்க?"

"ரெண்டு பக்கமுமே நல்லாருக்குங்க."

ஒரு மாதம் அவருக்குப் பொறுமை போய்விட்டது. அடுத்து வந்த டப்பாக்களையும் நாங்கள் வழக்கம்போலப் பூசினோம். மாதக் கடைசியில் வந்தபோது மில்காரம்மா, சிவப்பு மூடி போட்ட பக்கம் பத்து வயது குறைந்துவிட்டதாகச் சொன்னார். வெள்ளை மூடிதான் ஒசத்தி என்றார் மாடிவீட்டு டீச்சர். நான் இரண்டுக்கும் நடுவில், "சிவப்பு கொஞ்சம் பரவால்லீங்க," என்றேன். அக்கா பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சோபாவில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"ரெண்டு மூடியிலயும் வெறும் அடிக் கலவைதானுங்க. ஒரு எலைகூடப் போடல. இந்த ஊர்ல பெனாயிலைக் குடுத்தாக்கூட, 'வாசமா இருக்குங்க'ன்னு சொல்லுவீங்களாட்டம் இருக்குது."

நாங்களும் சிரித்தோம். யாருக்கும் கோபம் வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருக்கமாட்டோம்.

என் மகளுக்கு அப்போது பதினேழு. பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அந்த வயதில் நான் முகத்துக்குப் போட்டது பாசிப்பயறு மாவு, அதுவும் தீபாவளிக்கு. அவளுடைய அலமாரியில் குட்டிக் குட்டிப் பாட்டில்கள், துளித்துளியாக விடுகிற ரப்பர் மூடியோடு. போனில் யாரோ ஒரு பெண் சொல்லச் சொல்ல வாங்கியது. அதில் ஏதோ ஒரு ஆசிட்டும் இருந்தது.

"எதுக்கு கண்ணு இதெல்லாம்?"

"சுருக்கம் வராம இருக்கறதுக்குமா."

"உனக்கு எங்கடி சுருக்கம்?"

"வந்ததுக்கப்பறம் போட்டு என்ன பிரயோஜனம்? உன்னைப் பாத்தா தெரியல?"

என் முகத்தை வைத்தே எனக்குப் பாடம் நடத்திவிட்டுப் போனாள்.

அக்கா கம்பெனி வேலையாக வெளியூர் போனால் செம்பருத்திகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது என் மகள். சாவி எங்கள் வீட்டில்தான் தொங்கும். அந்தச் சமயம் அக்கா ஒரு புதுக் கலவையில் இறங்கியிருந்தார். துளி இதுவரை இல்லாத அளவுக்குச் சின்னது என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கம்பெனி அதைத்தான் அடுத்துக் கடைக்குக் கொண்டுவருவதாக இருந்தது. டப்பாக்கள் எங்கள் ஆறு பேருக்கும் வந்துவிட்டன. மிச்சம் அவர் பிரிஜ்ஜில். அதில் ஒரு சிவப்பு மூடி டப்பாவைக் காணோம்.

அக்கா ஊரிலிருந்து வந்த அன்று சாயங்காலம், லிப்டில் நாங்கள் நாலைந்து பேர் இருந்தோம். மகளும் ட்யூஷன் பையோடு நின்றிருந்தாள். அக்கா எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"என்ர பிரிஜ்ஜுல ஒரு டப்பா கால் மொளைச்சுப் போயிருச்சுங்க. பரவால்ல. ஆனைமலைக்குப் போய் மாசாணியம்மனுக்கு மொளகா அரைச்சுப் பூசிப்போட்டு வாரேன். எடுத்தவங்களுக்குத் தானா எரியும்."

எல்லோரும் சிரித்தோம். பொருள் காணாமல் போனவர்கள் மாசாணியம்மன் கோயில் கல்லில் மிளகாய் அரைத்துப் பூசிவிட்டு வந்தால், எடுத்தவருக்கு உடம்பெல்லாம் எரியும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். மில்காரம்மா மட்டும் சிரிக்காமல், "வெளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்லாதீங்க," என்றார். என் மகள் லிப்டின் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரத்தில் ஒரு காலை அவள் அறையைவிட்டு வெளியே வரவில்லை. தட்டினேன். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு திறந்தாள். இழுத்துப் பார்த்தேன். நெற்றியிலிருந்து தாடைவரை இடது பக்கம் சிவந்து வீங்கியிருந்தது. இடது கண் மூடிப்போய், இமை எது, கன்னம் எது என்று தெரியவில்லை. மூக்குத்தண்டு வழியாக யாரோ கோடு கிழித்துப் பிரித்தது போல வலது பக்கம் என் மகளாகவும், இடது பக்கம் யாரோவாகவும் இருந்தது.

எனக்கு அதற்குப் பிறகு நடந்தது வரிசையாக ஞாபகம் இல்லை. செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு போனது ஞாபகம் இருக்கிறது. கீழே மில்காரம்மா பார்த்துவிட்டு, "ஒரு பக்கமா வந்தா அக்கிதானுங்க, காவியைக் கொழைச்சு மேல எழுதிப்போடலாம்," என்றது ஞாபகம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவும் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னார்.

"ஒரு பக்கமா இருக்கறதால அக்கியாவும் இருக்கலாம். ஏதாவது பூசினதால ஒத்துக்காமலும் வந்திருக்கலாம். ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற. இதுக்குக் குடுக்கறதை அதுக்குக் குடுத்தா கண்ணுக்கு ஆபத்து. நீ என்ன போட்டேன்னு சொல்லும்மா."

"ஒண்ணும் போடலீங்க டாக்டர்."

"யோசிச்சுச் சொல்லு."

"ஒண்ணுமே போடல."

நான் முந்தின நாள் சாப்பிட்டதெல்லாம் ஒப்பித்தேன். கத்தரிக்காய், கருவாடு, பானிபூரி. டாக்டரம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒற்றைக் கண்ணால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணில் இருந்த பயம் நோயைப் பற்றியது இல்லை என்று எனக்குப் பட்டது. ஆனால் என்ன என்று தெரியவில்லை.

மில்காரம்மா சொல்லி, அக்கா கம்பெனியிலிருந்து நேராக வந்து சேர்ந்தார். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. உள்ளே வந்தவர், எல்லோரும் பார்க்கிற வீங்கிய பக்கத்தைப் பார்க்கவில்லை. கட்டிலைச் சுற்றிப் போய், வலது கன்னத்தைத்தான் முதலில் பார்த்தார். விரலால் தொட்டார். ஒன்றும் ஆகாத, பளிச்சென்ற கன்னம். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"கண்ணு, செகப்பு மூடியா, வெள்ளை மூடியா?"

மகள் உடைந்துவிட்டாள்.

"செகப்பு. நீங்க மொளகா அரைக்கப் போறேன்னீங்கள்லக்கா. அன்னிக்கு நைட்டே எரிய ஆரம்பிச்சிருச்சு. அம்மன்தான்னு..."

"எரிஞ்சதும் நிறுத்திட்டியா?"

"இல்ல. ஜில்லுனு இருக்கும்னு மறுபடி அதையே போட்டேன்."

அம்மன் எரிக்கிறது என்று நினைத்து, எரிகிற பொருளையே மேலே மேலே பூசியிருக்கிறாள். சொன்னால் திருடி என்று தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் அம்மன் விடமாட்டாள். இந்த இரண்டுக்கும் நடுவில் கண்ணை இழக்கத் தயாராகிப் படுத்திருந்தாள் என் பெண். 

"நான் ஆனைமலைக்குப் போகவே இல்ல, கண்ணு," என்றார் அக்கா. "லிப்டுல சும்மா வாய்ல வந்தது. அரைக்காத மொளகா எப்படி எரியும்? அப்படியே அரைச்சிருந்தாலும், மாசாணியம்மன் என்ன என்னையாட்டமா, மூக்குக்கு அந்தப் பக்கம் வேண்டாம்னு அளந்து பூசறதுக்கு? ஒரு பக்கம் மட்டும் எதுக்குப் போட்ட?"

"நீங்க அப்படித்தானே போடுவீங்க. வித்தியாசம் தெரியோணும்னு."

"உன்ர அலமாரியில வெச்சிருக்கியே, அந்த ஆசிட் பாட்டிலு?"

"அது ரெண்டு பக்கமும். தெனமும் போடறதுதான்."

அக்கா டாக்டரம்மாவிடம் திரும்பினார். "அக்கி இல்லீங்க. என்ர க்ரீம்தானுங்க." பிறகு அதில் இருந்தது அத்தனையும் சொன்னார். ஆவாரம்பூ, தேயிலை, எண்ணெய், கடைசியில் அந்தத் தரகர். என்ன பெயர், எவ்வளவு கலந்தது என்றும் சொன்னார். துளி சின்னதாக வேண்டும் என்று அந்தக் கலவைக்கு அதை வழக்கத்தைவிட அதிகமாகச் சேர்த்திருந்தார். வெளியே யாரிடமும் சொல்வதில்லை என்று கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்த விஷயம் அது. டாக்டரம்மா எழுதி முடிக்கும்வரை நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

அன்று மதியமே மருந்து சரியான வழியில் போக ஆரம்பித்தது. மூன்றாம் நாள் கண் ஒரு கீற்றாகத் திறந்தது. அந்தக் கீற்று வழியாக அவள் என்னைப் பார்த்து, "அம்மா, நீ ஏன் இவ்வளவு வயசான மாதிரி இருக்க?" என்றாள். வேறு யாராவது கேட்டிருந்தால் கோபம் வந்திருக்கும்.

அவள் வீடு திரும்பிய வாரம், அக்கா எங்கள் ஆறு பேரையும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். டிகாக்‌ஷன் வாசம் வீடு முழுக்க இருந்தது. டம்ளர்கள் காலியாக இருந்தன.

"இன்னைக்கு 'நல்லாருக்குங்க'ன்னு சொல்றவங்களுக்குக் காப்பி கெடையாதுங்க," என்றார். "அந்தப் புது டப்பாவைப் போட்டு உங்களுக்கெல்லாம் என்ன ஆச்சுன்னு சொல்லுங்க."

மாடிவீட்டு டீச்சர் இருமினார்.

"நான் ரெண்டு பக்கமும் செகப்பையே போட்டுட்டனுங்க. வலது கன்னம் பாவம்னு தோணுச்சு."

"என்ர சம்பந்தியம்மா கேட்டாங்கன்னு தூக்கிக் குடுத்துட்டனுங்க," என்றார் இன்னொருவர். "சம்பந்தி கேட்டா மாட்டேன்னு எப்படிங்க சொல்றது?"

அக்கா என்னைப் பார்த்தார். "நான் போட்டது போக மிச்சத்தை எங்க ஊட்டுக்காரரு வழுக்கையில தேச்சுக்கிட்டிருந்தாருங்க," என்றேன். "இடது பாதியில மட்டும்."

அக்கா மூன்று டம்ளரில் காப்பி ஊற்றினார். சிரிப்பு அடங்கியதும் அக்கா மறுபடி கேட்டார். "எரிஞ்சுதுங்களா?"

மில்காரம்மா சேலைத் தலைப்பைத் திருகினார். "கொஞ்சம். மொத நாள்லருந்தே. நம்ம மூஞ்சிதான் ஒரு மாதிரின்னு இருந்துட்டேன்."

"எனக்கும் எரிஞ்சுதுங்க," என்றார் டீச்சர். "நீங்க அத்தனை சந்தோசமாச் சொல்லிக்கிட்டிருந்தீங்க. அதான்."

எனக்கும் எரிந்தது. எல்லோருக்கும் எரிந்திருந்தது. அங்கிருந்தே போன் போட்டுக் கேட்டதில், சம்பந்தியம்மாவுக்குக்கூட எரிந்திருக்கிறது, அதுவரை அவரும் சொல்லவில்லை. எங்களில் ஒருத்தி, ஒரே ஒருத்தி, மூஞ்சி எரியுதுங்க என்று சொல்லியிருந்தால், அக்கா அன்றைக்கே அத்தனை டப்பாவையும் சாக்கடையில் கொட்டியிருப்பார். பிரிஜ்ஜில் என் மகள் எடுப்பதற்கு எதுவும் இருந்திருக்காது. நான் சொல்லாமலே இது அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்தது.

"உங்களுக்கு எரியலீங்களா, அக்கா?" என்று டீச்சர் கேட்டார்.

அவர் தன் இடது கன்னத்தைத் தட்டிக் காட்டினார். "இது இத்தனை வருசமா எல்லா விசத்தையும் தின்னு பழகிப்போச்சுங்க. இதுக்கு எதுவும் தெரியறதில்ல. அதனாலதான் உங்க மொகத்தை நம்பினேன்." பிறகு காப்பிப் பாத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டு, எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். சிரிக்காத அவர் முகத்தை நான் அன்றுதான் பார்த்தேன். சிரிக்காதபோது இரண்டு பக்கமும் ஒரே வயது.

"ஏனுங்க, என்ர மனசு நோகும்னுதானா உங்க மொகத்தை எரிய உட்டீங்க?"

கேட்டுவிட்டு எல்லோருக்கும் காப்பி கொடுத்தார். எனக்குக் கொடுத்ததில் சர்க்கரை போட மறந்திருந்தார். வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன், குடித்துவிட்டேன். பழக்கம்.

கம்பெனியில் அந்தக் கலவையை நிறுத்தச் சொல்லி நின்றார். அந்தப் பெண் போட்ட ஆசிட்தான் காரணம், நம் க்ரீம் இல்லை என்று அவர்கள் சொன்னார்களாம். "ஆசிட்டு ரெண்டு பக்கமுங்க, வெந்தது ஒரு பக்கமுங்க. அது கதவைத் தொறந்துச்சு, உள்ள போனது நம்மாளு. ஆசிட்டே போடாத ஆறு பேருக்கும் எரிஞ்சிருக்குது," என்று இவர் சொல்லியிருக்கிறார். கொஞ்ச நாள் இழுபறி. கலவை நின்றது. அதன் பிறகு அவருக்கும் அங்கே அதிக நாள் வேலை இல்லை. பவானிக்கே, தன் உடன்பிறந்த அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் குடிபோனார். போகிற அன்று இரண்டு செம்பருத்திகளையும் எங்கள் வீட்டில் வைத்துவிட்டு, எது அரிசித் தண்ணிச் செடி என்று சொல்லாமல் லிப்டில் ஏறிவிட்டார்.

மாதம் ஒரு தடவையாவது போன் வரும். "பாப்பா கன்னம் எப்படிங்க?" என்பதுதான் முதல் கேள்வி. "சுத்தமாப் போயிருச்சுங்க அக்கா," என்பேன். அவள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள்.

சென்ற மாதம் பவானியிலிருந்து கூரியரில் ஒரு பொட்டலம் வந்தது. ஒரு சிவப்பு மூடி, ஒரு வெள்ளை மூடி. முழங்கையின் உட்புறத்தில் முதலில் போட்டுப் பார்த்தேன், காத்திருந்தேன், பிறகுதான் கன்னத்துக்குப் போனேன். இப்போதெல்லாம் அப்படித்தான். நேற்று சாயங்காலம் போன்.

"எப்படி இருக்குதுங்க, அம்மணி?"

நாக்கு நுனிவரை 'நல்லாருக்குங்க' வந்துவிட்டது. விழுங்கினேன்.

"ஒண்ணும் ஆகலீங்க. செகப்பு போட்ட பக்கமும் அதே சுருக்கம், வெள்ளை போட்ட பக்கமும் அதே சுருக்கம். கை பிசுபிசுங்குது, அவ்வளவுதான்."

அவர் மனம் நொந்துவிட்டதோ என்று பயந்தேன். பிறகு சிரிப்புக் கேட்டது. அதே பழைய, சோபாவில் சாய்கிற சிரிப்பு.

"ரெண்டுலயும் வெறும் அடிக் கலவைதானுங்க. ஒரு எலைகூடப் போடல. உங்களைத்தான் சோதிச்சேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "சரி. பாப்பா கன்னம் எப்படிங்க?"

மகள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாள். மேற்கு வெயில் அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"வெயில்ல பாத்தா இன்னும் தெரியுதுங்க," என்றேன். "கண்ணுக்குக் கீழ, நெழலாட்டம். போகல. நான்தான் போயிருச்சுன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்."

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. "இப்பவே ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க," என்றார். போனை வைக்கப்போனவர் மறுபடியும் கூப்பிட்டார்.

"ஏனுங்க. வலது பக்கமும் எடுத்து அனுப்புங்க."